அவன் உதைத்த இடம்

இந்த மணிக்கட்டைப் பாருங்கள் அண்ணாச்சி. கிட்டே வந்து பாருங்கள். வீங்கியிருக்கிறதா இல்லையா? காலையில் சிவப்பாக இருந்தது, இப்போது நீலம் பாய்ந்துவிட்டது. அந்த நர்ஸம்மா மருந்து தடவிக் கட்டுப் போடுகிறேன் என்று வந்தார்கள். வேண்டாம் தாயி என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை எங்கள் உறவின்முறைக் கூட்டம் இருக்கிறது. பெரியவர்கள் முன்னால் இந்தக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அதுவரைக்கும் வீக்கம் வற்றக் கூடாது.

யார் அடித்தது என்கிறீர்களா? அடி இல்லை, உதை. அதோ, அந்தக் கதவுக்கு உள்ளே மூன்றாவது கட்டிலில் கழுத்தில் பட்டை போட்டு மல்லாந்து கிடக்கிறானே, அவன் உதைத்தது. வெயிலுமுத்து. என் கூடப் பிறந்த தம்பி. பக்கத்தில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறாளே, அது அவன் பெண்டாட்டி சீனியம்மாள். காலையிலிருந்து என் பக்கம் திரும்பவில்லை. கக்கூஸுக்குள் விழுந்து கிடந்த அவள் புருஷனை முதுகில் தூக்கிக்கொண்டு வந்து வெளியே போட்டவன் நான். ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டாளா? கேட்கவில்லை.

அவனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்கிறார்கள். ஊசியை வைத்துக் குத்திப் பார்த்தார்கள், நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவன் பாட்டுக்கு மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். மதுரைக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்து நாளைக்குப் பெரிய டாக்டர் வந்து பார்ப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. இனிமேல் நடப்பானா என்று சீனியம்மாள் கேட்டதற்கு அந்தச் சின்ன டாக்டர் சீட்டில் எழுதிக்கொண்டே அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நீங்கள் யாருக்காக உட்கார்ந்திருக்கிறீர்கள்? அம்மாவா? இடுப்பெலும்பா? அது கூடிவிடும், பயப்படாதீர்கள். தள்ளி உட்காருங்கள், அந்த இடத்தில் வெயில் விழுகிறது.

நானும் அவனும் பருப்பு மில்லில் லோடுமேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே ஜோடி. நூறு கிலோ துவரை மூட்டை. தலைமாட்டுக் காதை நான் பிடிப்பேன், கால்மாட்டுக் காதை அவன் பிடிப்பான். மற்ற ஜோடிகள் ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். எங்களுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பிடி சரியாக இருந்தால் அவன் “ம்” என்பான். அந்த “ம்” வந்த பிறகுதான் நான் தூக்குவேன். கனம் கால்மாட்டுக்காரனுக்குத்தான் கூட வரும், அதனால் அவன்தான் சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒருநாள் இடுப்புப் பிடித்ததில்லை. மில்லில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். வீட்டைப் பிரித்தோம். தெற்கு வீடு எனக்கு, வடக்கு வீடு அவனுக்கு. நடுவில் ஆறடிச் சந்து, ஆளுக்கு மூன்றடி. எழுதி முடித்து ஒரு மாசம் ஆகவில்லை, வந்து நிற்கிறான். அண்ணே, சந்தில் கக்கூஸ் கட்டப் போகிறேன், ஒரு அடி விட்டுக் கொடு, உன் பக்கம் சும்மாதானே கிடக்கிறது என்கிறான். சும்மாவா கிடக்கிறது? உடைந்த கட்டில் ஒன்று கிடக்கிறது. பழைய ஓடு அடுக்கி வைத்திருக்கிறேன். அதுவும் எப்போது வந்து கேட்கிறான்? நான் சோற்றில் கை வைத்த நேரத்தில். கேட்பதற்கு ஒரு முறை இல்லையா? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

அவன் மூன்றடிக்குள்ளேயே கட்டினான். சுவர் போக உள்ளே இரண்டரை அடி இருக்கும். கட்டட்டும், அவன் இடம். ஆனால் கதவை வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினான் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. உறவின்முறைப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தேன். நூல் பிடித்துப் பார்த்தார்கள். கதவை முழுக்கத் திறந்தால் நான்கு விரல் அகலம் என் பக்கம் வருகிறது. நான்கு விரல் இடம் என்றாலும் இடம் இடம்தானே? கதவு உள்பக்கமாகவே திறக்கட்டும் என்று தீர்ப்பானது. சீனியம்மாள் அழுதாள். உள்ள திறந்தா ஆளு திரும்ப முடியாதே அத்தான் என்றாள். பக்கவாட்டில் போங்கள் என்றேன்.

அன்றோடு பேச்சு நின்றது. பதினொரு வருஷம். மில்லில் வேறு ஆளோடு ஜோடி போட்டுக்கொண்டேன். அவனும் போட்டுக்கொண்டான். இரண்டே வருஷத்தில் எனக்கு இடுப்புப் போய்விட்டது, அதற்கும் அவன்தான் காரணம். என் வீட்டுக்காரி செத்த அன்று வந்தான். பாடைக்குத் தோள் கொடுக்க வந்து நின்றான். நான் அவனைத் தாண்டி வேறு ஆளைக் கூப்பிட்டேன். போய்விட வேண்டியதுதானே? போகவில்லை. சுடுகாடு வரைக்கும் கடைசி ஆளாக நடந்தே வந்தான். ஊர் முன்னால் என்னைக் கெட்டவனாகக் காட்டத்தான்.

இன்றைக்குக் காலை ஏழு மணி இருக்கும். சந்துக்குள் தொம்மென்று ஒரு சத்தம். நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். அவன் வீட்டில் ஏதோ விழுகிறது, நமக்கென்ன என்று இருந்தேன். கொஞ்ச நேரத்தில் சீனியம்மாள் என் வாசலில் வந்து நிற்கிறாள். பதினொரு வருஷத்துக்குப் பிறகு.

“அத்தான், அவுக கக்கூஸுக்குள்ள விழுந்துட்டாக. கதவு திறக்க மாட்டேங்குது.”

துண்டைத் தேடி எடுத்து, காபியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் போனேன். கூப்பிட்டதும் ஓடுவதற்கு நான் என்ன அவர்கள் வீட்டு வேலைக்காரனா? ஆனால் போனேன். அதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அற்புதம் எனக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அங்கே வெடி விபத்து நடந்தால் ஆளை எப்படித் தூக்க வேண்டும் என்று நாலு நாள் வகுப்பு எடுத்தார்களாம், அதைக் கேட்டுவிட்டு வந்து பேசுகிறாள். ஆம்புலன்ஸுக்கு அவள்தான் போன் போட்டிருக்கிறாள். கதவு இடுக்கில் வாயை வைத்து அவனிடம், சித்தப்பா ஆடாமல் படுத்திருங்கள், கழுத்தைத் திருப்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

“பெரியப்பா, யாரும் அவரை இழுக்கக் கூடாது. உங்க பக்கத்துச் சுவரு ஒத்தக் கல்லுதான். ஓரமாப் பாத்து ஒண்ணொண்ணாப் பேத்து எடுத்தா, நான் தலையைப் பிடிச்சுக்கிறேன், இருந்த வாக்குலயே பலகையில நகட்டிரலாம். இல்ல, ஆம்புலன்ஸ் வரட்டும்.”

நான் முடியாது என்று சொல்லவே இல்லை அண்ணாச்சி. முதலில் கதவைப் பார்ப்போம் என்றுதான் சொன்னேன். சுவரை எடுத்தால் திருப்பிக் கட்டும்போது ஒரு சாண் என் பக்கம் தள்ளிக் கட்ட மாட்டார்கள் என்று என்ன நிச்சயம்? அவன் விழுந்து கிடக்கிற நேரத்தில் இதையெல்லாம் யோசிக்கக் கூடாது என்பீர்கள். யோசிக்காமல் இருந்தவன் எவன் இடத்தை வைத்திருக்கிறான்?

பிளாஸ்டிக் கதவு அது. கடப்பாரையால் கீழ்ப்பாதியை உடைத்து எடுத்தேன். குப்புறப் படுத்து, தலையையும் ஒரு கையையும் உள்ளே விட்டேன். இருட்டு. ஈரம். தலை அந்தக் கோடியில் குழாய்க்கு அடியில் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, முழங்கால் இரண்டும் மடங்கிக் கதவை முட்டிக்கொண்டிருக்கிறது. கை நீட்டினால் கால்தான் வந்தது. கணுக்காலைப் பிடித்தேன்.

பிடித்ததுதான் தாமதம், உதைத்தான். குதிகாலால், இதோ இந்த இடத்தில். நான் விடவில்லை. மறுபடியும் உதைத்தான். கை சுவரில் போய் மோதியது.

“அண்ணே, தொடாத.”

பதினொரு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் பேசின முதல் பேச்சு அது. தொடாத. விழுந்து கிடக்கிறான், எழுந்திருக்க வழியில்லை, அந்த நிலைமையிலும் அண்ணன் கை மேலே படக் கூடாது, உதைக்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்கள். உள்ளே நடந்தது வெளியே இருந்த இரண்டு பொம்பளைகளுக்கும் தெரியாது. நான் மட்டும்தான் பார்த்தேன். தலையை வெளியே எடுத்துக்கொண்டு மேல்பாதிக் கதவையும் உடைத்தேன்.

அற்புதம் கையைப் பிடித்தாள். இருபது நிமிஷத்தில் வண்டி வந்துவிடும், பொறுங்கள் என்றாள். சந்து வாசலில் தெருவே கூடிவிட்டது. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நாற்பது வருஷம் மூட்டை தூக்கிய ஆள் நான். என் தம்பியை வெளியே எடுக்க எவனோ காக்கிச் சட்டைப் பையன்கள் வர வேண்டுமா? அவன் உதைத்தாலும் அவனைத் தூக்குகிறவன் நான்தான் என்று அவனுக்கும் தெரியட்டும், ஊருக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன்.

அவனைத் தாண்டி உள்ளே போனேன். இரண்டரை அடியில் ஆள் எங்கே குனிவது? அக்குளுக்குள் கையைக் கொடுத்து உட்கார வைத்தேன். தலை ஒருபக்கம் தொங்கியது. சுற்றித் திரும்பி, அவன் இரண்டு கையையும் என் தோள் வழியாக முன்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். மூட்டையை முதுகில் வாங்குகிற பிடி. எனக்குத் தெரிந்த பிடி அது. அந்த இடத்தில் ஒரு கணம் என் உடம்பு தானாக நின்றது அண்ணாச்சி. எதற்கு நின்றது என்று அப்புறம்தான் தெரிந்தது. அவன் “ம்” சொல்வான் என்று நின்றிருக்கிறது. அவன் சொல்லவில்லை. தூக்கிவிட்டேன்.

முதுகில் ஏற்றிய வேகத்தில் ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த சுள்ளி ஒடிகிற மாதிரி. கீழே கிடந்த கதவுத் துண்டை மிதித்திருப்பேன். அவன் ஒரே ஒரு தடவை அய்யோ என்றான். பிறகு சத்தமே இல்லை. வலி விட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குனிந்தவாக்கில் சந்து முழுக்க நடந்து வந்தேன். அவன் கால் இரண்டும் பின்னால் தரையில் இழுபட்டுக்கொண்டு வந்தது. தெருவில் கட்டிலில் போட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால் ஒருத்தன் முகத்திலும் ஈயாடவில்லை. அற்புதம் அவன் கால் பெருவிரலை அழுத்திப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். பொறாமை. அவள் படித்த நாலு நாள் படிப்புக்கு வேலை இல்லாமல் போயிற்றே.

அடுத்த மூன்று நிமிஷத்தில் ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஒரு ஆரஞ்சு நிறப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

இங்கே வந்ததும் அந்தச் சின்ன டாக்டர் எங்களை நிறுத்தி வைத்துக் கேட்டார். விழுந்த உடனே காலில் அசைவு போய்விட்டதா, இல்லை முதலில் அசைவு இருந்து பிறகு போனதா என்று. அவனைக் கேட்டால் விழுந்ததற்கு அப்புறம் ஒன்றும் நினைவில்லை என்கிறானாம். முதலில் இருந்தது என்றால் இப்போதே மதுரைக்குக் கொண்டுபோய் ஆப்ரேஷன் செய்ய வேண்டுமாம், நரம்பு நசுங்கிக்கொண்டே போகுமாம், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியமாம். விழுந்தபோதே போயிற்று என்றால் அவசரப்படுத்தி ஆகப் போவது ஒன்றுமில்லை, நாளைக்குப் பெரிய டாக்டர் பார்த்து முடிவு சொல்வாராம். உள்ளே போய்ப் பார்த்தது யார் என்று கேட்டார். சீனியம்மாள் என்னைக் காட்டினாள்.

நான் ஒன்றும் பார்க்கவில்லை, ஒரே இருட்டு என்று சொல்லிவிட்டேன்.

ஏன் என்றால், என்னவென்று சொல்ல? சாகக் கிடக்கிற நேரத்தில் கூடப் பிறந்தவன் என்னை உதைத்தான் என்று இந்த நர்ஸுகள், வார்டு பாய், பக்கத்துக் கட்டில்காரன் எல்லோரும் கேட்கிற மாதிரி சொல்லவா? சிரிக்க மாட்டார்களா? எங்கள் வீட்டு அசிங்கம் எங்கள் உறவின்முறைக்குள் இருக்கட்டும். அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் நான் வாயைத் திறக்கவில்லை. அதுவாவது அவனுக்குத் தெரியுமா?

என்ன கேட்டீர்கள்? எந்தக் காலா? முதல் உதை வலது கால். இரண்டாவது... இரண்டாவது இடது கால் அண்ணாச்சி. ஏனென்றால் வலது காலை நான் பிடித்திருந்தேனே. நன்றாகத்தான் உதைத்தான். வீக்கத்தைப் பார்த்தால் தெரியவில்லையா? மாடு உதைத்த மாதிரி இருந்தது.

எப்போது உதைத்தானா? முன்னாலேதான். தூக்குவதற்கு முன்னால். அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். தூக்கின பிறகு அவன் எங்கே உதைத்தான்? தூக்கின பிறகு கால் இரண்டும்...

ஏன் எழுந்திருக்கிறீர்கள்? உட்காருங்கள் அண்ணாச்சி. யாரைக் கூப்பிடுகிறீர்கள்? டாக்டரை எதற்கு? இது எங்கள் குடும்ப விஷயம், உங்களை நல்ல ஆள் என்று நம்பித்தான் சொன்னேன். கையை விடுங்கள். விடுங்கள், வலிக்கிறது. நானே போகிறேன். நானே போய்ச் சொல்கிறேன். இந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

பையை எடுத்து மடியில் வைத்திருந்தீர்களா? நல்லது. இல்லை, உட்கார நேரமில்லை. மதுரைக்குப் பஸ் பிடிக்க வேண்டும். ஆம்புலன்ஸில் ஒரு ஆளுக்குத்தான் இடம், சீனியம்மாள் ஏறிவிட்டாள்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் இந்தக் கையை வெளிச்சத்துக்கு இழுத்து வைத்துப் பார்த்தார். எத்தனை தடவை, எந்தக் கால், எவ்வளவு வேகம் என்று கேட்டுக் கேட்டு எழுதினார். அண்ணாச்சி, என் ஆயுசில் நான் சொன்னதை ஒருத்தர் இவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதினது இதுதான். எழுதி முடித்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை. இதை அப்பவே சொல்லியிருந்தா என்று ஆரம்பித்தவர், போனை எடுத்துக்கொண்டு ஓடினார்.

சீனியம்மாள் பக்கத்தில்தான் நின்றாள். திட்டுவாள் என்று நினைத்தேன். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அப்படிச் செய்திருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

“அஞ்சு மணி நேரம் அத்தான்” என்றாள். அவ்வளவுதான்.

கட்டிலிலிருந்து அந்த ஆரஞ்சுப் பலகையோடு அவனைத் தூக்கி வண்டியில் வைக்க வேண்டும். ஆள் பற்றவில்லை, நீங்க கால்மாட்டுல பிடிங்க பெரியவரே என்று நர்ஸம்மா சொன்னார்கள். தலை, இடுப்பு, கால் எல்லாம் ஒரே வாக்கில் வர வேண்டும், மூன்று எண்ணினால் எல்லோரும் சேர்ந்து தூக்க வேண்டும் என்றார்கள். நான் கால்மாட்டில் நின்றேன். ஆயுசில் நான் கால்மாட்டில் நின்றதே இல்லை. நர்ஸம்மா ஒன்று என்று ஆரம்பித்தார்கள். ஒரு நிமிஷம் தாயி என்றேன்.

“முத்து, பிடி சரியா இருக்கு. நீ சொல்லு.”

அவன் காற்றாடியையே பார்த்துக்கொண்டு கிடந்தான். நர்ஸம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன பெரியவரே, நேரம் போகுது என்கிறார்கள். தலைமாட்டில் நின்ற பையன் முறைக்கிறான். அவன் சொல்லாமல் எப்படித் தூக்குவது? காலையில் ஒரு தடவை தூக்கினது போதாதா?

ரொம்ப நேரம் கழித்து “ம்” என்றான்.

தூக்கினோம். கனமே இல்லை அண்ணாச்சி. எங்கே போயிற்று அவன் கனமெல்லாம்? வார்டிலிருந்து வண்டி நிற்கிற இடம் வரைக்கும் பலகையின் ஓரத்தில் அவன் குதிகால் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. இதே குதிகால். கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போனேன். நகத்தால் கிள்ளினேன். உதைடா, இன்னொரு தடவை உதை, முகத்திலேயே உதை என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். அவன் உதைக்கவில்லை. வண்டிக் கதவைச் சாத்துகிற வரைக்கும் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைக் கூட்டமா? அதற்கு எங்கே போவது? சுவரைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். அது என் இடம்தான், அதில் ஒன்றும் மாற்றமில்லை. அவன் நடந்து வரட்டும், அப்புறம் பேசிக்கொள்வோம்.

அதோ, அந்த நர்ஸம்மா மறுபடியும் மருந்தை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீங்கள் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்கள் அண்ணாச்சி, நான் சொன்னால் கேட்க மாட்டார்கள். மருந்து தடவினால் இது வற்றிவிடும். மதுரையில் டாக்டர்கள் வேறு ஆட்கள். அவன் கால் வேலை செய்தது என்பதற்கு அவர்களிடம் காட்ட என்னிடம் வேறு எதுவும் இல்லை.